மாறாததைத் தேடு

ஊர்த் திருவிழாவையொட்டிக் கபடிப் போட்டி. 37 அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. தோற்ற அணி அன்றைக்கே ஊர் திரும்ப வேண்டியதுதான், மறுவாய்ப்பு கிடையாது. கோப்பையைத் தூக்கும்வரை மொத்தம் எத்தனை ஆட்டங்கள் நடக்கும்?

பெரும்பாலோர் உடனே பேனாவை எடுப்பார்கள். முதல் சுற்றில் 18 ஆட்டம். ஜோடி கிடைக்காத ஓர் அணி நேராக அடுத்த சுற்றுக்குப் போகும். ஆக 19 அணிகள். இரண்டாம் சுற்றில் 9 ஆட்டம், மறுபடியும் ஓர் அணி மிஞ்சும். 10 அணிக்கு 5 ஆட்டம். 5 அணிக்கு 2 ஆட்டம். 3 அணிக்கு 1 ஆட்டம். கடைசியில் இறுதியாட்டம். கூட்டினால் 36.

மைதானத்து ஓரத்தில் டீ ஆற்றிக்கொண்டிருப்பவருக்குப் பேனா தேவைப்படாது. "ஒரு ஆட்டம் முடிஞ்சா ஒரு டீம் மூட்டை கட்டும். 36 டீம் மூட்டை கட்டணும்னா 36 ஆட்டம். இதுக்கு எதுக்குக் கணக்கு?" என்பார். சுற்று எத்தனை, யார் யாரோடு மோதினார்கள், யாருக்கு ஜோடி கிடைக்கவில்லை என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத சங்கதி. 3,700 அணிகள் வந்தாலும் அவர் ஒரே விநாடியில் 3,699 என்று சொல்லிவிட்டு அடுத்த டம்ளரைக் கழுவப் போய்விடுவார்.

54 விநாடி

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதில் 25 கேள்விகள் திறனறிவுப் பகுதியிலிருந்து வருகின்றன. மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல்நிலைத் தேர்வு இன்னும் கறாரானது. 60 நிமிடத்தில் 100 கேள்வி. ஒன்றுக்கு 36 விநாடி. சில கேள்விகளை வாசித்து முடிக்கவே அதில் பாதி கரைந்துவிடும்.

அதனால்தான் தேர்வுக்குப் படிப்பவர்களின் நோட்டில் 'ஷார்ட்கட்'டுகள் நிரம்பி வழிகின்றன. ரயிலுக்கு ஒரு சூத்திரம், படகுக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று, வயதுக்கு ஒன்று. வீட்டில் எல்லாம் மனப்பாடமாக இருக்கும். தேர்வு அறையில் மணி அடித்ததும் ரயில் சூத்திரம் குழாய்க்குள் புகுந்துவிடும்.

இத்தனை சூத்திரங்களுக்கும் அடியில் ஒரே ஒரு யோசனைதான் ஓடுகிறது. டீக்கடைக்காரர் செய்தது அதுதான். ஒரு கணக்கில் பலவும் மாறிக்கொண்டே இருக்கும். ஏதோ ஒன்று மட்டும் அசையாமல் நிற்கும். ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி வெளியேறும் என்ற உண்மை எந்தச் சுற்றிலும் மாறவில்லை. அதைப் பிடித்ததும் சுற்றுகளை எண்ணும் வேலையே இல்லாமல் போனது. போட்டித் தேர்வுக் கேள்விகளை இந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தால், சலிப்பூட்டும் பயிற்சித் தாள் கொஞ்சம் கொஞ்சமாக அதிசயப் பெட்டியாக மாறும்.

வயதும் வேலையும்

எளியதில் தொடங்குவோம். இன்று அப்பாவின் வயது மகனுடைய வயதைப்போல் 4 மடங்கு. 20 ஆண்டுகள் கழித்து 2 மடங்காக இருக்கும். இருவர் வயதும் என்ன?

x என்று வைத்துச் சமன்பாடு எழுதலாம், தப்பில்லை. ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். அப்பாவுக்கும் வயது ஏறுகிறது, மகனுக்கும் ஏறுகிறது, மடங்கு இறங்குகிறது. அசையாமல் நிற்பது ஒன்றுதான்: இருவருக்கும் இடையிலான வித்தியாசம். இன்று அந்த வித்தியாசம் மகன் வயதைப்போல் 3 மடங்கு. 20 ஆண்டு கழித்து அதே வித்தியாசம் மகனின் அன்றைய வயதுக்குச் சமம். அதாவது, மகனின் இன்றைய வயதோடு 20-ஐக் கூட்டினால் அது மூன்று மடங்காகிறது. அப்படியானால் அந்த 20 என்பது இரண்டு மடங்கு. மகனுக்கு 10, அப்பாவுக்கு 40.

அடுத்து, எல்லாரும் அஞ்சும் 'நேரமும் வேலையும்'. ஒரு வாய்க்காலைத் தூர்வார ஒருவருக்கு 12 நாள், இன்னொருவருக்கு 18 நாள் ஆகும். சேர்ந்து செய்தால்? பள்ளியில் கற்றபடி 1/12, 1/18 என்று பின்னங்களில் இறங்குகிறோம். ஆள் மாறுகிறார், நாள் மாறுகிறது, வாய்க்கால் மாறுகிறதா? இல்லையே. அப்படியானால் வாய்க்காலுக்கே ஒரு நீளம் கொடுத்துவிடுவோம். 12-க்கும் 18-க்கும் மீ.பொ.ம. 36. வாய்க்கால் 36 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் முதலாமவர் நாளுக்கு 3 மீட்டர், இரண்டாமவர் 2 மீட்டர். சேர்ந்து 5 மீட்டர். 36-ஐ 5-ஆல் வகுத்தால் 7 நாளும் ஒரு நாளில் ஐந்தில் ஒரு பங்கும். பயிற்சி வகுப்புகளில் 'மீ.பொ.ம. முறை' என்ற பெயரில் சொல்லித் தரும் வித்தை இவ்வளவுதான். 36-க்குப் பதில் 72 மீட்டர் என்று வைத்தாலும் விடை பிசகாது. பின்னம் வராமல் தப்பிக்கத்தான் மீ.பொ.ம. தொட்டியை நிரப்பும் குழாய், கசியும் ஓட்டை எல்லாம் இதே வாய்க்காலின் வேறு வேடங்கள்.

மாறியதை மாறாதது என்று நம்பினால்

தவறுகள் எங்கே பிறக்கின்றன என்பதையும் இதே யோசனை காட்டிக்கொடுக்கிறது. தீபாவளிக்கு முன் ஒரு புடவையின் விலையை 20 விழுக்காடு ஏற்றிவிட்டு, பிறகு 20 விழுக்காடு தள்ளுபடி என்று பலகை வைக்கிறார்கள். பழைய விலைக்கே வந்துவிட்டதா? 1,000 ரூபாய் 1,200 ஆனது, 1,200-இல் 20 விழுக்காடு 240, மிச்சம் 960. ஏறும்போது 20 விழுக்காடு என்பது ஆயிரத்தில் எடுத்தது. இறங்கும்போது ஆயிரத்து இருநூறில் எடுத்தது. 20 என்ற எண் அப்படியே நிற்பதால் அடியில் நிற்கும் தொகையும் அப்படியே நிற்பதாக மனம் நம்பிவிடுகிறது.

இன்னொரு பொறி: போகும்போது மணிக்கு 60 கி.மீ., அதே வழியில் திரும்பும்போது மணிக்கு 40 கி.மீ. சராசரி வேகம் என்ன? நான்கு விடைகளில் 50 நிச்சயம் இருக்கும். கேள்வி தயாரிப்பவர் அதைத் தூண்டில் புழுவாகவே வைத்திருப்பார். இங்கே மாறாதது தூரம், நேரம் அல்ல. தூரம் 120 கி.மீ. என்றால் போக 2 மணி, வர 3 மணி. 240 கி.மீ.க்கு 5 மணி நேரம், சராசரி 48. மெதுவான வேகத்தில் வண்டி அதிக நேரம் இருந்தது, அதனால் சராசரி அதன் பக்கம் சாய்ந்தது. தூரத்துக்குப் பதிலாக நேரம் சமமாக இருந்திருந்தால் 50 சரியாகவே இருந்திருக்கும். அப்படிப் பார்த்தால், மனம் போட்டது தப்புக் கணக்கல்ல. வேறொரு கேள்விக்கான சரியான கணக்கு.

ஒன்பது என்னும் கண்காணி

487 × 326 எவ்வளவு? நான்கு விடைகள் கொடுத்திருக்கிறார்கள். பெருக்காமலே சிலவற்றைக் கழித்துக்கட்ட முடியும். 4+8+7 = 19; 1+9 = 10; 1+0 = 1. அடுத்த எண்ணில் 3+2+6 = 11; 1+1 = 2. இரண்டையும் பெருக்கினால் 2. சரியான விடையின் இலக்கங்களைக் கூட்டிச் சுருக்கினாலும் 2 வந்தாக வேண்டும். 158762-ஐப் பாருங்கள்: 1+5+8+7+6+2 = 29, பிறகு 11, பிறகு 2. பொருந்துகிறது.

இது மந்திரமல்ல. ஒரு நூறு ரூபாய் நோட்டை ஒன்பது பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 11 போக 1 மிஞ்சும். பத்து ரூபாயைப் பிரித்தாலும் 1 மிஞ்சும். ஆயிரத்தைப் பிரித்தாலும் அப்படியே. ஆகவே 487 என்பதில் நான்கு நூறுகள் 4-ஐ மிச்சம் வைக்கும், எட்டுப் பத்துகள் 8-ஐ, ஏழு ஒன்றுகள் 7-ஐ. இலக்கங்களைக் கூட்டும்போது ஒன்பதால் வகுத்த மீதியைத்தான் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம். எண்ணை எவ்வளவு சுருக்கினாலும் அந்த மீதி மட்டும் மாறுவதில்லை.

இந்தக் கண்காணியை ஏமாற்றவும் முடியும். 158672 என்று இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி வைத்தால் கூட்டுத்தொகை அதேதான். கண்காணி வாய் திறக்காது. தவறு என்று சொன்னால் நம்பலாம். பேசாமல் இருந்தால் சரி என்று பொருளல்ல.

சுவரில் தொங்கும் அதிசயம்

மீதி என்றதும் நாட்காட்டிக் கணக்கு நினைவுக்கு வரும். 1947 ஆகஸ்டு 15 வெள்ளிக்கிழமை. 1950 ஜனவரி 26 என்ன கிழமை? நாட்கள் ஓடுகின்றன, மாதங்கள் கோணல் மாணலாக இருக்கின்றன. வாரத்துக்கு ஏழு நாள் என்பது மட்டும் மாறாது. எனவே ஏழுகளைத் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். 1949 ஆகஸ்டு 15 வரை 731 நாள். 1948 லீப் ஆண்டு. மீதி 3. அங்கிருந்து ஜனவரி 26 வரை 164 நாள், மீதி 3. மொத்தம் 6. வெள்ளியிலிருந்து ஆறு நாள் தள்ளினால் வியாழன். குடியரசு பிறந்தது வியாழக்கிழமையில்தான்.

கிழமை கண்டுபிடிப்பதை விளையாட்டாகவே ஆடியவர் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஜான் கான்வே. 1973-இல் அவர் உருவாக்கிய முறையின் அடிப்படையை உங்கள் வீட்டு நாட்காட்டியிலேயே சரிபார்க்கலாம். ஏப்ரல் 4, ஜூன் 6, ஆகஸ்டு 8, அக்டோபர் 10, டிசம்பர் 12. இந்த ஐந்து தேதிகளும் எந்த ஆண்டிலும் ஒரே கிழமையில்தான் வரும். பிப்ரவரியின் கடைசி நாளும் அதே கிழமைதான், அது 28 ஆனாலும் 29 ஆனாலும். காரணம், அந்த ஐந்தில் அடுத்தடுத்த இரண்டு தேதிகளுக்கு நடுவே சரியாக 63 நாள், அதாவது ஒன்பது வாரம். மாதங்கள் 30, 31 என்று முன்பின்னாக இருந்தும் இந்த இடைவெளி மட்டும் பிசகவில்லை. ஓர் ஆண்டில் இந்தக் கிழமையை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டால் அந்த ஆண்டின் எந்தத் தேதிக்கும் விரல்விட்டுக் கிழமை சொல்லிவிடலாம்.

இன்னும் ஒரு படி போவோம். நம் நாட்காட்டியின் 400 ஆண்டுகளில் 1,46,097 நாட்கள். ஏழால் வகுத்தால் மீதியே இல்லை. ஆகவே 400 ஆண்டுக்கு ஒருமுறை முழு நாட்காட்டியும் அப்படியே திரும்புகிறது. இந்தச் சுற்றில் 4,800 மாதங்கள்; 4,800 பதின்மூன்றாம் தேதிகள். அவை கிழமைகளுக்குள் சமமாகப் பங்கிடப்பட முடியாது, ஏனென்றால் 4,800 ஏழால் வகுபடாது. யாருக்கு அதிகம் என்று எண்ணிப் பார்த்தால் வெள்ளிக்கிழமைக்கு 688. வேறெந்தக் கிழமைக்கும் அவ்வளவு இல்லை. பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையைக் கண்டு மேற்கத்தியர் அஞ்சுவது மூடநம்பிக்கையாக இருக்கலாம். அது அடிக்கடி வருகிறது என்பது கணக்கு.

மாம்பழங்கள் கற்களாகும்போது

எண்களை விட்டுத் தருக்கத்துக்கு வந்தால் தேர்வர்களை எரிச்சலூட்டும் ஒரு வகைக் கேள்வி காத்திருக்கும். எல்லா மாம்பழங்களும் கற்கள். எல்லாக் கற்களும் பறவைகள். ஆகவே எல்லா மாம்பழங்களும் பறவைகள், சரியா, தவறா? அபத்தம் என்று தோன்றும். ஆனால் கொடுத்த இரண்டு கூற்றுகளையும் ஏற்றுக்கொண்டால் முடிவு சரிதான். இன்னொன்று: எல்லா மருத்துவர்களும் படித்தவர்கள். படித்தவர்களில் சிலர் கவிஞர்கள். ஆகவே மருத்துவர்களில் சிலர் கவிஞர்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. நமக்குத் தெரிந்த மருத்துவர் யாராவது கவிதையும் எழுதுவார். ஆனாலும் இந்த முடிவு தவறு. வட்டங்களாக வரைந்து பாருங்கள். படித்தவர்கள் என்ற பெரிய வட்டத்துக்குள் மருத்துவர் வட்டம் ஒரு மூலையிலும், கவிஞர் வட்டம் தொடுவது வேறொரு மூலையிலும் இருக்கலாம். இப்படி வட்டம் போட்டு ஒரு ஜெர்மானிய இளவரசிக்குக் கடிதங்களில் தருக்கம் கற்பித்தவர் கணித மேதை ஆய்லர். அதைச் செப்பனிட்டு 1880-இல் ஜான் வென் தந்த படங்கள்தான் இன்று பாடநூலில் உள்ளவை.

இங்கே மாறாதது கூற்றுகளின் சட்டகம். மாம்பழத்தை எடுத்துவிட்டு மருத்துவரை வைத்தாலும் சட்டகம் தன் தீர்ப்பை மாற்றாது. இதைக் கண்டு எழுதிவைத்தவர் அரிஸ்டாட்டில். கேள்வி தயாரிப்பவர் மாம்பழத்தைப் பறக்கவிடுவதும் அதற்காகத்தான்: உங்கள் உலக அறிவைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுச் சட்டகத்தை மட்டும் பார்க்கிறீர்களா என்று சோதிக்க.

அது எவ்வளவு கடினம் என்பதை உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் நான்கு அட்டைகளை வைத்துக் காட்டினார். தமிழ் எழுத்துகளில் அதைச் சொல்கிறேன். மேசையில் அ, க, 4, 7 என்று நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். 'ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்' என்பது விதி. விதி உண்மையா என்று அறிய எந்தெந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலோர் அ, 4 என்பார்கள். 4-ஐத் திருப்பி ஒரு பயனும் இல்லை. பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதி உடையாது. திருப்ப வேண்டியவை அ, 7. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்தது. இந்தச் சோதனையில் சரியாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்கே இருந்தார்கள்.

1982-இல் ரிச்சர்ட் கிரிக்ஸும் ஜேம்ஸ் காக்ஸும் அமெரிக்காவின் புளோரிடாவில் அதே சட்டகத்துக்கு வேறு சட்டை மாட்டினார்கள். 'பீர் குடிப்பவர் 19 வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும்' என்பது விதி. அட்டைகளில் பீர், கோக், 22, 16. யாரைச் சோதிப்பீர்கள்? பீர் குடிப்பவரையும் 16 வயதுக்காரரையும். சுமார் நான்கில் மூவர் சரியாகச் சொன்னார்கள். சட்டகம் அணுவளவும் மாறவில்லை. மாறியது கதை மட்டும்.

நம் மரபு இதை வேறொரு வழியில் அணுகியது. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் அனுமானத்தின் உறுப்புகளையும் அதில் நேரும் போலிகளையும் விரிவாக எடுத்துச் சொல்கிறார். அங்கே முடிவும் காரணமும் மட்டும் போதாது. தெரிந்த ஓர் எடுத்துக்காட்டும் உடன் வர வேண்டும். மலையில் புகை தெரிவதால் நெருப்பு உண்டு என்று சொல்பவர் அடுக்களையையும் சுட்டிக்காட்ட வேண்டும். வேசனின் அட்டைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த அடுக்களையின் அருமை விளங்குகிறது. தேர்வு அறையிலும் இது உதவும். மாம்பழமும் கல்லும் குழப்பினால், அதே சட்டகத்தில் தெரிந்த பொருள்களை வைத்துப் பாருங்கள்: எல்லாத் தஞ்சாவூர்க்காரர்களும் தமிழ்நாட்டுக்காரர்கள், எல்லாத் தமிழ்நாட்டுக்காரர்களும் இந்தியர்கள். உடனே வழி தெரியும்.

வீட்டு எண் 204

1914 டிசம்பர். ஆங்கிலப் பத்திரிகையான 'ஸ்ட்ராண்ட்' இதழில் ஒரு புதிர். பெல்ஜியத்தின் லூவேன் நகரில் நீண்ட தெரு. அந்த ஆகஸ்டில்தான் ஜெர்மானியப் படைகள் தீ வைத்த நகரம் அது. வீடுகளுக்கு 1, 2, 3 என்று வரிசை எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் 50-க்கு மேல், 500-க்குள் வீடுகள். அந்த வீட்டின் எண் என்ன?

கேம்பிரிட்ஜில் பி.சி. மகாலனோபிஸ் இதைச் சில நிமிடங்களில் முட்டி மோதித் தீர்த்துவிட்டு, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த நண்பருக்கு வாசித்துக் காட்டினார். நண்பர் கிளறியபடியே விடையைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் சொன்னது ஒரு வீட்டின் எண்ணை அல்ல. ஒரு தொடர் பின்னத்தை. எத்தனை வீடுள்ள தெருவானாலும் அதிலிருந்தே எல்லா விடைகளும் வரிசையாகக் கொட்டும். நண்பர் ராமானுஜன்.

கேட்ட விடை 288 வீடுகளில் 204-ஆம் வீடு. இரு பக்கமும் 20,706 வரும். வரம்பை எடுத்துவிட்டால் 8 வீட்டுத் தெருவில் 6-ஆம் வீடு, 49 வீட்டுத் தெருவில் 35-ஆம் வீடு, பிறகு 204, பிறகு 1,681 வீட்டுத் தெருவில் 1,189. இந்த வரிசையில் ஒரு விதி ஒளிந்திருக்கிறது: ஓர் எண்ணை ஆறால் பெருக்கி, அதற்கு முந்தைய எண்ணைக் கழித்தால் அடுத்தது வரும். 6 × 35-இல் 6 போனால் 204. 6 × 204-இல் 35 போனால் 1,189. தெரு நீள்கிறது, எண்கள் பெருகுகின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும் தாவல் மட்டும் மாறவில்லை. மகாலனோபிஸ் ஒரு வீட்டைக் கண்டார். ராமானுஜன் அந்தத் தாவலையே கண்டார். மகாலனோபிஸும் லேசுப்பட்டவரல்ல, 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

54 விநாடியில் யாரும் ராமானுஜன் ஆகிவிடப் போவதில்லை. தேர்வில் அந்த ஒரு வீட்டின் எண்ணைக் கண்டால் போதும், ஒன்றரை மதிப்பெண் உங்களுடையது. ஆனால் பயிற்சி நேரத்துக்குக் கடிகாரம் இல்லை. ஒரு கணக்கு முடிந்ததும் அடுத்ததற்கு ஓடாமல், இதில் அசையாமல் நின்றது எது என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். நூறு கணக்குகளுக்கு எழுதினால் நூறு வரிகள் இருக்காது. பத்துப் பன்னிரண்டு வரிகளே திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்.

கபடி மைதானத்து டீக்கடைக்குத் திரும்புவோம். பலகையில் ஒரே அளவு டம்ளர் இரண்டு. ஒன்றில் பால், ஒன்றில் டிகாக்‌ஷன், இரண்டும் ஒரே மட்டம். கடைக்காரர் பாலில் ஒரு கரண்டி எடுத்து டிகாக்‌ஷனில் ஊற்றுகிறார். சரியாகக்கூடக் கலக்கவில்லை, அதற்குள் அந்தக் கலவையில் ஒரு கரண்டி எடுத்துப் பால் டம்ளரில் ஊற்றிவிடுகிறார். இப்போது டிகாக்‌ஷனுக்குள் போன பால் அதிகமா, பாலுக்குள் வந்த டிகாக்‌ஷன் அதிகமா?

கரண்டிக்குள் எவ்வளவு பால், எவ்வளவு டிகாக்‌ஷன் என்று கணக்குப் போடத் தொடங்கினால் டீ ஆறிவிடும். டம்ளர்களைப் பாருங்கள். இரண்டிலும் மட்டம் பழையபடியே நிற்கிறது.